நான்கு ஓட்டுச் சீட்டு, ஒன்பது பதவி: இதில் தலைவர் யார்?

செஞ்சி பஸ் ஸ்டாண்டில் இறங்கி யாரையாவது நிறுத்தி, "சேர்மன் வீடு எங்கே?" என்று கேட்டுப் பாருங்கள். விவரம் தெரிந்த ஆளாக இருந்தால், "எந்த சேர்மன்?" என்று திருப்பிக் கேட்பார். செஞ்சி பேரூராட்சிக்கு ஒரு தலைவர் உண்டு, அவரை சேர்மன் என்போம். செஞ்சி ஊராட்சி ஒன்றியக் குழுவுக்கும் ஒரு தலைவர் உண்டு, அவரும் சேர்மன்தான். இரண்டு பேரும் இரண்டு வெவ்வேறு சட்டத்தில் பிறந்தவர்கள். முன்னவர் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டத்தில் வருகிறார். அது 1998-ல் போட்ட சட்டம். நீண்ட காலம் கிடப்பில் கிடந்து, தூசி தட்டப்பட்டு, 2023 ஏப்ரலில்தான் நடைமுறைக்கு வந்தது. பின்னவர் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994-ல் வருகிறார். ஊர் ஒன்று, பெயர் ஒன்று, ஆள் இரண்டு.

எங்கள் மேல்மலையனூரில் குழப்பம் வேறு மாதிரி. இது பேரூராட்சி கிடையாது, கிராம ஊராட்சிதான். ஆனால் ஊராட்சி ஒன்றியத்துக்கும் தலைமையிடம். அதனால் இங்கே பிரசிடெண்ட்டும் உண்டு, சேர்மனும் உண்டு. அங்காளம்மன் கோயிலுக்கு அறங்காவலர் குழுத் தலைவர் என்று இன்னொருவர் வேறு. தமிழில் எழுதினால் மூன்று பேருமே "தலைவர்". கட்-அவுட்காரர்களுக்கே இது சிரமமாக இருந்திருக்க வேண்டும். அதனால்தானோ என்னவோ, ஒன்றியத் தலைவரை மட்டும் "பெருந்தலைவர்" என்று எழுத ஆரம்பித்தார்கள். அந்த "பெரு" எவ்வளவு பெரிசு என்பதைப் பிறகு பார்ப்போம்.

வகுப்பில் உள்ளாட்சி பற்றிப் பேச்சு வந்தபோது ஒரு விஷயம் கவனித்தேன். முதலமைச்சர் யார், கவர்னர் அதிகாரம் என்ன என்று எல்லோருக்கும் ஒரு கருத்து இருக்கிறது. நம் ஊர் பிரசிடெண்ட்டால் எதைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது என்று கேட்டால் பாதிப் பேர் முழிக்கிறார்கள். அதனால்தான் இந்தப் பதிவு. (உத்திரமேரூர் கல்வெட்டு, குடவோலை முறை எல்லாம் இதில் வராது. அதை இழுக்காமல் உள்ளாட்சிக் கட்டுரை எழுதக் கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை, நான் தேடிப் பார்த்துவிட்டேன்.)

முதலில் ஓட்டுப் போடும் இடத்திலிருந்து ஆரம்பிப்போம். விழுப்புரம் மாவட்டத்தில் கடைசியாக ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2021 அக்டோபர் 6, 9 தேதிகளில். மற்ற மாவட்டங்கள் பெரும்பாலானவற்றில் 2019 டிசம்பரிலேயே முடிந்துவிட்டது. நம் மாவட்டத்தைப் பிரித்துக் கள்ளக்குறிச்சியை உண்டாக்கிய சமயம் அது. வார்டு வரையறை முடிக்காமல் தேர்தல் வைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னதால், நம்மோடு சேர்த்து 9 மாவட்டங்களுக்குத் தள்ளிப்போனது. அந்த 2021 தேர்தலில் ஒவ்வொரு வாக்காளர் கையிலும் நான்கு சீட்டு கொடுத்தார்கள். வார்டு உறுப்பினருக்கு வெள்ளை அல்லது நீலம், ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். முதல் இரண்டில் கட்சிச் சின்னம் கிடையாது, பூட்டு சாவி, கத்தரிக்காய் மாதிரி பொதுச் சின்னங்கள்தான். பின்னிரண்டில் கட்சிச் சின்னம்.

நாம் போட்ட ஓட்டு நான்கு. ஆனால் அதிலிருந்து முளைத்த பதவிகள் ஒன்பது வகை. நேராக வந்தவை நான்கு. மீதி ஐந்தும் ஜெயித்தவர்கள் தங்களுக்குள் கூடித் தேர்ந்தெடுப்பவை: ஊராட்சித் துணைத் தலைவர், ஒன்றியக் குழுத் தலைவர், அதன் துணைத் தலைவர், மாவட்ட ஊராட்சித் தலைவர், அதன் துணைத் தலைவர். கவுன்சிலர்களை வேனில் ஏற்றி ரிசார்ட்டில் வைத்துப் பூட்டுகிற செய்தியெல்லாம் வருவது இந்த இரண்டாவது ரகத் தேர்தலில்தான். விழுப்புரம் மாவட்டத்தில் 13 ஒன்றியங்கள், 688 கிராம ஊராட்சிகள். நாம் நேராக ஓட்டுப் போட்டு உட்கார வைத்த "தலைவர்" என்றால் அந்த 688 பேர்தான். 13 பெருந்தலைவர்களில் ஒருவரையும் நாம் தலைவராகத் தேர்ந்தெடுக்கவில்லை, கவுன்சிலராகத்தான் தேர்ந்தெடுத்தோம்.

இதை மாற்றி, ஒன்றிய சேர்மனையும் மக்களே நேராகத் தேர்ந்தெடுக்கலாமே என்று நண்பன் ஒருவன் சொன்னான். நல்ல யோசனை மாதிரித்தான் தெரியும். ஆனால் சென்னையில் உட்கார்ந்து அதைச் செய்ய முடியாது. அரசியல் சாசனத்தின் 243சி பிரிவு, கிராம அளவில் தலைவரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதை மாநிலத்தின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. ஒன்றியம், மாவட்டம் இரண்டிலும் உறுப்பினர்கள் தங்களுக்குள் ஒருவரைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று கட்டிப்போட்டுவிட்டது. நகரங்களுக்கு இந்தக் கட்டு இல்லை. அதனால்தான் தமிழ்நாட்டில் மேயர் தேர்தல் ஊஞ்சல் ஆடியது. 1996-ல் நேரடி, 2006-ல் மறைமுகம், 2011-ல் நேரடி. 2016-ல் மறைமுகம் என்று சட்டத்தைத் திருத்தி, தேர்தலே நடக்காமல் 2018-ல் மறுபடி நேரடி என்று திருத்தி, 2019 நவம்பரில் அவசரச் சட்டம் போட்டு மறுபடி மறைமுகம். கடைசியில் 2022-ல் மறைமுகமாகவே நடந்தது. எந்தக் கட்சிக்கு எப்போது எது வசதியோ அது. மேல்மலையனூர் அமாவாசை ஊஞ்சல் கூட இத்தனை தடவை ஆடாது.

சரி, அந்த அரசியல் சாசனமாவது "தலைவர் என்றால் இன்னார்" என்று சொல்கிறதா என்று பார்த்தேன். 243-வது பிரிவுதான் ஊராட்சிப் பகுதிக்கு விளக்கங்கள் கொடுக்கிற இடம். ஏழு சொற்களுக்கு அங்கே விளக்கம் இருக்கிறது: மாவட்டம், கிராம சபை, இடைநிலை அளவு, ஊராட்சி, ஊராட்சிப் பகுதி, மக்கள்தொகை, கிராமம். தலைவர் இல்லை! நகராட்சிகளுக்கான 243பி பிரிவிலும் ஏழு சொற்கள். கமிட்டிக்குக் கூட விளக்கம் இருக்கிறது, தலைவருக்கு இல்லை. மூன்று அடுக்குக்கும் "சேர்பெர்சன்" என்று ஒரே சொல்லைப் போட்டுவிட்டு, அவர் யார், என்ன செய்வார் என்பதை மாநிலங்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

மாநிலங்கள் பார்த்துக்கொண்ட விதம்தான் வேடிக்கை. கேரளாவில் கிராமம், பிளாக், மாவட்டம் மூன்றிலும் தலைவர் பெயர் பிரசிடெண்ட், மூன்றுமே மறைமுகத் தேர்தல். ஆந்திராவில் சர்பஞ்ச், மக்கள் நேராகத் தேர்ந்தெடுக்கிறார்கள். பீகாரில் நிர்வாகம் பார்ப்பவர் முகியா. அங்கே சர்பஞ்ச் என்றால் கிராமக் கச்சேரி என்கிற ஊர் நீதிமன்றத்தின் தலைவர், அவருக்கும் தனித் தேர்தல். ஆந்திரத்துக்காரர் பீகார் போய் சர்பஞ்சைத் தேடினால் ரோடு கேட்கப் போய்ப் பஞ்சாயத்தில் மாட்டிக்கொள்வார். இலங்கைத் தமிழர்கள் இந்த விஷயத்தில் நம்மைவிடத் தெளிவு. அங்கே பிரதேச சபைக்குத் "தவிசாளர்", மாநகர சபைக்கு "முதல்வர்". தவிசு என்றால் இருக்கை. சொல்லைக் கேட்டவுடன் எந்தச் சபையின் ஆள் என்று பிடிபட்டுவிடும்.

இப்போது அந்த "பெரு" விஷயத்துக்கு வருகிறேன். நம் 1994 சட்டத்தின்படி கிராம ஊராட்சியின் செயல் அதிகாரி யார் என்றால், தலைவரேதான். தீர்மானத்தை நிறைவேற்றுவது, பணம் கொடுப்பது, ஊராட்சியின் ஊழியர்களிடம் வேலை வாங்குவது எல்லாம் அவர் பொறுப்பு. ஒன்றியத்தில் அப்படி இல்லை. அங்கே செயல் அதிகாரி ஆணையர், அதாவது நாம் பி.டி.ஓ. என்று சொல்கிற அரசு அதிகாரி. ஒன்றியப் பெருந்தலைவர் கூட்டத்துக்குத் தலைமை தாங்குவார், தீர்மானம் போடுவார், கேள்வி கேட்பார். கையெழுத்துப் போட்டுப் பணம் எடுக்கிற வேலை அவருடையது அல்ல. பேரூராட்சியிலும் செயல் அலுவலர் என்று அரசு அதிகாரி இருக்கிறார். ஆக, தேர்தலில் ஜெயித்து வந்த ஒரு ஆள் தானே செயல் அதிகாரியாகவும் இருப்பது நம் மாநிலத்தில் ஒரே ஒரு இடத்தில்தான். அடிமட்டத்தில் இருக்கிற, கட்சிச் சின்னம்கூட இல்லாத, இளஞ்சிவப்புச் சீட்டில் வந்த பிரசிடெண்ட். பட்டத்தில் சின்னவர், சட்டத்தில் பெரியவர்.

இது வெறும் ஏட்டுச் சமாச்சாரம் இல்லை. மேல்மலையனூர் அமாவாசை தெரியாதவர்கள் இருக்க மாட்டீர்கள். அன்றைக்கு ராத்திரி ஊஞ்சல் உற்சவத்துக்குச் சென்னை, பெங்களூரு, புதுச்சேரி என்று நாலா பக்கத்திலிருந்தும் ஸ்பெஷல் பஸ் வரும். மாசி மயானக் கொள்ளைக்குச் சொல்லவே வேண்டாம், லட்சக்கணக்கில் கூட்டம். வந்த இடம் என்ன? ஒரு கிராம ஊராட்சி. சட்டத்தின் 110-வது பிரிவு, ஊராட்சி கட்டாயம் செய்ய வேண்டியவை என்று ஒரு பட்டியல் கொடுக்கிறது. ரோடு, தெருவிளக்கு, சாக்கடை, துப்புரவு, பொதுக் கழிப்பிடம், குடிநீர், சுடுகாடு. ஊரில் இருக்கிற ஆட்களுக்காகப் போட்ட பட்டியல் அது. மாதம் ஒரு முறை அது ஒரு நகரத்தின் பட்டியல் ஆகிவிடுகிறது. மறுநாள் காலை எலுமிச்சம்பழமும் பூசணிக்காயும் பிளாஸ்டிக் கவரும் மலை மாதிரி கிடக்கும்போது, யாரிடம் போய்க் கேட்பது? கோயில் நிர்வாகத்திடமா, கலெக்டரிடமா, சேர்மனிடமா? மக்கள் பெரும்பாலும் வெள்ளை வேட்டி எங்கே பெரிதாகத் தெரிகிறதோ அங்கே போகிறார்கள். கோயில் வளாகத்துக்குக் கோயில் நிர்வாகம் இருக்கிறது. தெருவில் கிடக்கும் குப்பைக்குச் சட்டப்படி முதல் பொறுப்பு ஊராட்சியுடையது, அதாவது பிரசிடெண்ட்டுடையது.

இந்த இடத்தில்தான் எனக்கு உண்மையான பிரச்சினை தெரிகிறது. பிரசிடெண்ட் செயல் அதிகாரி என்று சொன்னேன் அல்லவா? அவர் தனியாகக் கையெழுத்துப் போட்டுப் பணம் எடுக்க முடியாது. தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து போட வேண்டும். காசோலை போய் இப்போது கம்ப்யூட்டரில் டிஜிட்டல் சாவி வந்துவிட்டது, ஆனாலும் சாவி இரண்டுதான். ஒருவர் மட்டும் சுருட்டிவிடக் கூடாது என்பதற்காக வைத்த பாதுகாப்பு, நோக்கத்தில் தப்பே இல்லை. ஆனால் அந்த இரண்டாவது சாவி யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள்.

தலைவரை ஊரே தேர்ந்தெடுக்கிறது. துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கிறார்கள். தலைவர் பதவிக்கு இட ஒதுக்கீடு உண்டு. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கு மக்கள்தொகைக் கணக்கில், பெண்களுக்கு 2016 திருத்தத்துக்குப் பிறகு பாதி. துணைத் தலைவர் பதவிக்கு இட ஒதுக்கீடு இல்லை. இப்போது ஒரு ஊரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். தலைவர் பதவி தாழ்த்தப்பட்ட பெண்ணுக்கு ஒதுக்கப்படுகிறது. ஊரில் இதுவரை யார் கை ஓங்கியிருந்ததோ அவர்கள் என்ன செய்வார்கள்? வார்டுகளைப் பிடிப்பார்கள், துணைத் தலைவராக உட்காருவார்கள். அப்புறம் எந்த பில்லுக்கும் அவர் கையெழுத்து இல்லாமல் காசு நகராது. மோட்டார் ரிப்பேர், பல்பு வாங்கினது, குளோரின் பவுடர், எல்லாம் நிற்கும். தண்ணீர் வரவில்லை என்றால் திட்டு வாங்குவது தலைவர். "ரிசர்வேஷன்ல வந்தவங்களுக்கு நிர்வாகம் தெரியல" என்று டீக்கடையில் தீர்ப்பு சொல்லிவிடுவார்கள். இட ஒதுக்கீடு ஒரு கையால் கொடுத்ததை இணைக் கையெழுத்து மறு கையால் வாங்கிக்கொள்கிறது. எல்லா ஊரிலும் இப்படி என்று சொல்ல மாட்டேன், ஒற்றுமையாக வேலை பார்க்கிற தலைவர், துணைத் தலைவர்களும் இருக்கிறார்கள். ஆனால் கெட்ட எண்ணம் இருக்கிற ஊரில் அதற்குத் தேவையான ஆயுதத்தைச் சட்டமே செய்து கொடுத்திருக்கிறது என்பதுதான் என் வாதம்.

2020-ல் நடந்த இரண்டு சம்பவங்கள் நினைவிருக்கும். கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டையில், தலித் பெண் தலைவர் ஊராட்சிக் கூட்டத்தில் தரையில் உட்கார வைக்கப்பட்ட போட்டோ வெளியே வந்தது. மற்றவர்கள் நாற்காலியில். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. அதே வருடம் ஆகஸ்டில், திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் தலித் பெண் தலைவர் சுதந்திர தினக் கொடி ஏற்றுவதைத் தடுத்தார்கள். செய்தி பெரிதானதும் கலெக்டர் நேரில் வந்து அவரைக் கொடியேற்ற வைத்தார். 2022 சுதந்திர தினத்துக்கு முன்னால், சாதிப் பாகுபாடு இல்லாமல் ஊராட்சித் தலைவர்களே கொடி ஏற்ற வேண்டும் என்று தலைமைச் செயலாளர் கடிதம் எழுத வேண்டியிருந்தது. தலைவருக்கு ஒரு நாற்காலி உண்டு, கொடிக் கயிறு அவர் கையில் இருக்க வேண்டும் என்பதைக் கடிதம் போட்டுச் சொல்ல வேண்டிய நிலை. இலங்கைக்காரர்களின் "தவிசாளர்" என்கிற சொல் இந்த இடத்தில் எனக்கு உறைத்தது. இருக்கையை உடையவர் என்பதுதான் அந்தப் பதவியின் பெயரே.

அதற்கும் முன்னால் போனால் இன்னும் கொடூரம். மதுரை மாவட்டம் மேலவளவில் தனித் தொகுதித் தலைவராக ஜெயித்த முருகேசனையும் அவரோடு இருந்த ஐந்து பேரையும் 1997 ஜூன் 30-ல் வெட்டிக் கொன்றார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் நான்கு ஊராட்சிகளிலும் 1996-லிருந்து 10 வருடம் தேர்தலை ஒழுங்காக நடத்த முடியவில்லை. சில சமயம் யாராவது ஜெயித்தாலும் உடனே ராஜினாமா செய்ய வைத்தார்கள். 2006 அக்டோபரில்தான் அங்கே தலைவர்கள் பதவியில் நிலைத்து உட்கார முடிந்தது.

இதெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், அடுத்து பதவி நீக்கம் பற்றிப் பேச வேண்டும். ஒன்றியத் தலைவர் மேல் உறுப்பினர்கள் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டு வரலாம். ஊராட்சித் துணைத் தலைவர் மேலும் கொண்டு வரலாம். ஊராட்சித் தலைவர் மேல் முடியாது. அவரை நீக்குவது கலெக்டர், 205-வது பிரிவின்படி. சட்டத்தில் கலெக்டருக்குப் பெயர் "ஊராட்சிகளின் ஆய்வாளர்". புகார் வந்தால் அவர் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்புவார். தாசில்தார் வந்து ஊராட்சிக் கூட்டம் போட்டு உறுப்பினர்களின் கருத்தைக் கேட்டுக் கொடுப்பார். கடைசி முடிவு கலெக்டருடையது, அதன் மேல் அரசுக்கு அப்பீல். அவசரம் என்றால் 203-வது பிரிவைக் காட்டி, நிதியைக் கையாளும் அதிகாரத்தை மட்டும் பிடுங்கி பி.டி.ஓ.விடம் கொடுத்துவிடுவதும் உண்டு.

ஊரே ஓட்டுப் போட்டு உட்கார வைத்தவரை ஓட்டே வாங்காத ஒரு அதிகாரி இறக்கிவிடலாமா? இது ஜனநாயகமா? இந்தக் கேள்வியை எல்லோரும் கேட்கிறார்கள், நியாயமான கேள்விதான். மத்தியப் பிரதேசத்தில் சர்பஞ்சைத் திரும்ப அழைக்க மக்களே ரகசிய வாக்கெடுப்பு நடத்தச் சட்டத்தில் வழி இருக்கிறது, இங்கேயும் கிராம சபைக்கு அந்த உரிமையைக் கொடுங்கள் என்கிறார்கள். காதுக்கு இனிமையாக இருக்கிறது. ஆனால் பாப்பாபட்டியில் 1996-லிருந்து 2006 வரை கிராம சபைக்கு அந்த உரிமை இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பெரும்பான்மை கை தூக்கி, சட்டப்படியே, ஒரே மத்தியானத்தில் வேலையை முடித்திருக்கும். தனித் தொகுதித் தலைவருக்கு ஊர்ப் பெரும்பான்மை எப்போதும் நண்பன் கிடையாது. அதனால் நீக்கும் அதிகாரம் ஊருக்கு வெளியே ஒருவரிடம் இருப்பது எனக்குச் சரியாகவே படுகிறது. கலெக்டர் மட்டும்தான் அந்த ஆளா, ஒரு நீதித்துறை அதிகாரி பார்க்கலாமா என்பது வேறு விஷயம். எனக்கு நீதித்துறை ஆள் பார்ப்பதே மேல் என்று தோன்றுகிறது. கலெக்டர் அரசாங்கத்தின் ஆள், அரசாங்கம் கட்சியின் ஆள். கட்சிச் சின்னம் இல்லாத பதவியில் கட்சி நுழைய அது ஒரு பின்வாசல்.

ஆனால் இணைக் கையெழுத்து விஷயத்தில் நான் இப்படி நடுவில் நிற்க மாட்டேன். அதை மாற்றியே ஆக வேண்டும். இரண்டு கையெழுத்து தேவை என்றால் இரண்டாவது கையெழுத்து ஊராட்சிச் செயலருடையதாக இருக்கட்டும். அவர் சம்பளம் வாங்குகிற ஊழியர், காரணம் இல்லாமல் மறுத்தால் மேலதிகாரி கேட்பார். இல்லை, தேர்ந்தெடுக்கப்பட்டவர்தான் வேண்டும் என்றால், மன்றத்தில் தீர்மானம் நிறைவேறிய செலவுக்குத் துணைத் தலைவர் இத்தனை நாளில் கையெழுத்துப் போட வேண்டும், மறுத்தால் காரணத்தை எழுதித் தர வேண்டும், அதைக் கிராம சபையில் வாசிக்க வேண்டும் என்று சட்டத்தில் சேர்க்கட்டும். செயலர் கையில் கொடுத்தால் அதிகாரிகள் ஆதிக்கம் வந்துவிடும் என்பார்கள். வரலாம். ஆனால் அதிகாரி ஆதிக்கத்தை எதிர்த்து மேலே புகார் கொடுக்க முடியும். சாதிக் காரணத்துக்காக ஒருவர் கையெழுத்துப் போடாமல் "பரிசீலிக்கிறேன்" என்று இழுத்தடித்தால் எந்த அதிகாரியிடம், என்னவென்று புகார் எழுதுவது?

இன்னொரு ஆளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் பெயர் எந்தச் சட்டத்திலும் இல்லை, ஆனால் எல்லா ஊரிலும் இருக்கிறார். தலைவரின் வீட்டுக்காரர். போர்டில் அம்மா பெயர் இருக்கும். போன் எடுப்பது ஐயா. பி.டி.ஓ. ஆபீசில் உட்காருவது ஐயா. ஊரில் "பிரசிடெண்ட் வர்றார்" என்றால் வருவதும் ஐயாதான். "தலைவர்" என்கிற நம் சொல்லுக்கு ஆண், பெண் பேதம் இல்லாதது நல்லதுதான், ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அதுவே வசதியாகப் போய்விட்டது. ஆங்கிலச் சட்டத்தில் "சேர்மன்" என்று ஆண்பாலில் போட்டிருந்தாலும் பெண்ணையும் குறிக்கும் என்று பொது விதிகள் சட்டம் காப்பாற்றிவிடுகிறது. ஆனால் மனைவிக்குக் கிடைத்த பதவி கணவனையும் குறிக்கும் என்று எந்த விதியும் சொல்லவில்லை! உச்ச நீதிமன்றத்தில் 2023-ல் இது வழக்காகப் போய், மத்தியப் பஞ்சாயத்து ராஜ் அமைச்சகம் ஒரு குழு போட்டு, அந்தக் குழு 2025-ல் அறிக்கை கொடுத்தது. இப்படி ஆள் மாறாட்டம் செய்கிறவர்களுக்குக் கடுமையான தண்டனை வேண்டும் என்றது. தண்டனையை விட எனக்குச் சட்டத்தில் ஒரு வரி போதும்: தலைவரின் அதிகாரத்தைத் தேர்ந்தெடுக்கப்பட்ட நபர் மட்டுமே செலுத்தலாம், வேறொருவரோடு ஊராட்சி விஷயமாக அதிகாரி கூட்டம் நடத்தினால் அது அதிகாரியின் குற்றம். ஐயாவுக்கு நாற்காலி போட்டுக் கொடுப்பதே அலுவலகங்கள்தான். அங்கே நிறுத்தினால் பாதி நின்றுவிடும்.

அப்படியே கணவர் இல்லை என்றாலும் தேர்ந்தெடுக்கப்படாதவர் உட்காருகிற இன்னொரு வழியும் சட்டத்தில் இருக்கிறது. தனி அலுவலர். பதவிக் காலம் 5 வருடம், அதற்கு மேல் ஒரு நாளும் கிடையாது, முடியும் முன்பே அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்கிறது அரசியல் சாசனத்தின் 243இ பிரிவு. 2006-ல் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொல்லியிருக்கிறது. நடந்தது என்ன? 2016 அக்டோபரில் காலம் முடிந்தது. தேர்தல் அறிவிப்பை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதற்கப்புறம் மூன்று வருடத்துக்கும் மேல் தனி அலுவலர்கள்தான் எல்லாம். நம் மாவட்டத்தில் ஐந்து வருடம்! ஒரு முழுப் பதவிக் காலத்தையே முழுங்கிவிட்டார்கள். 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த மாவட்டங்களில் 2025 ஜனவரி 5-ல் காலம் முடிந்தபோதும் தேர்தல் வரவில்லை, மறுபடி தனி அலுவலர்கள் வந்தார்கள். தலைவரின் வேலை, மன்றத்தின் வேலை, துணைத் தலைவரின் கையெழுத்து எல்லாம் ஒரே அதிகாரியிடம். அப்போது மட்டும் இரண்டாவது சாவி பற்றி யாரும் கவலைப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். ஊரே தேர்ந்தெடுத்த ஆளை நம்பக் காவலுக்கு இன்னொரு ஆள் வேண்டும், யாரும் தேர்ந்தெடுக்காதவரைத் தனியாகவே நம்பலாம்!

நம் மாவட்டத்தில் 2021 அக்டோபரில் வந்தவர்களுக்கு 5 வருடக் கணக்கு 2026 அக்டோபரோடு சரி. அடுத்து ஓட்டுப் போடுகிறபோது இளஞ்சிவப்புச் சீட்டுக்கு நடக்கிற அடிதடியில் வார்டு சீட்டை யாரும் மதிப்பதில்லை. "நம்ம பையன்தான், போட்டுடு" என்று குத்திவிடுகிறோம். பல வார்டுகளில் போட்டியே இல்லாமல் போய்விடுகிறது. துணைத் தலைவரைத் தேர்ந்தெடுக்கப் போவது அந்தச் சீட்டில் வருகிறவர்கள்தான்.

செஞ்சி, வளத்தி, அவலூர்ப்பேட்டை பக்கத்து ஆட்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் ஊராட்சியில் துணைத் தலைவர் கையெழுத்துக்காக எந்த வேலையாவது நின்றதா, எவ்வளவு நாள் நின்றது, கடைசியில் எப்படித் தீர்ந்தது என்று எழுதுங்கள். ஆள் பெயர் வேண்டாம், என்ன வேலை என்பது போதும். கிராம சபையில் வரவு செலவு வாசிக்கும்போது கேட்டாலே தெரிந்துவிடும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. லீவுக்கு ஊருக்குப் போகிற நாளாகப் பார்த்து ஒன்றில் உட்கார்ந்து வாருங்கள்.